கடைக்குப் பூட்டு போட்டார்கள்; ஆசைக்கு யார் பூட்டு போடுவது?



போன ஞாயிற்றுக்கிழமை கோயில் பக்கத்து மாமரத்தடியில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் கோறனி காலத்தில் வந்து நின்றது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நாடு முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததே, அந்தக் காலம்தான்.

“அந்தக் கொஞ்ச நாள்தாங்க எங்க வீட்டுல சண்டையில்லாம சோறு தின்னோம்” என்றார் ஓர் அக்கா. “பட்டணத்துக் கடை பூட்டிக் கெடந்துச்சு. போற வழியெல்லாம் போலீஸ். மனுஷன் வேலை விட்டா நேரா வீடுதான்.”

பக்கத்திலிருந்த பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “உனக்கு நிம்மதி. என் மவன் பட்டணத்துல மதுக்கடையில கிளாஸ் கழுவிக்கிட்டுக் கெடந்தான். கடையைச் சாத்தினதும் அவன் பொழப்புல மண்ணு. அது உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

ஓரமாகக் குந்தியிருந்த அண்ணன் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “ரெண்டு பேரு சொல்றதும் நெசம்தான். ஆனா எனக்கு ரெண்டாம் நாளே கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. ராத்திரி தூக்கமில்ல. அதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?”

ஒருவரும் பதில் பேசவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மூன்று குரலும் என் காதை விட்டுப் போகவில்லை. நிம்மதி என்று ஒரு குரல், பிழைப்பு போச்சு என்று ஒரு குரல், உடம்பு தாங்கவில்லை என்று ஒரு குரல். யோசித்துப் பார்த்தால், அந்த ஆண்டில் உலகம் முழுக்கக் கேட்டது இந்த மூன்று குரல்தான். வெள்ளைக்காரன் நாட்டிலும் சரி, நம் முன்னோர் பிறந்த மண்ணிலும் சரி. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்களோடு பேசப் போகிறேன்.

ஏன் முதலில் மதுக்கடை?

“எத்தனையோ கடை இருக்க, மதுக்கடை மேல மட்டும் ஏன் இத்தனை கண்ணு?” என்று அந்தக் காலத்தில் பலர் கேட்டார்கள். காரணம் இருந்தது.

இந்த நோய் பரவுவது மூச்சுக் காற்றிலும் எச்சில் துளியிலும். மதுக்கூடம் என்பது பெரும்பாலும் அடைத்த அறை. காற்றோட்டம் குறைவு. உள்ளே பாட்டுச் சத்தம். அதற்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். குடிக்கும்போது முகக்கவசம் போட முடியாது. இரண்டு கிளாஸ் உள்ளே போனால், ‘ஒரு மீட்டர் தள்ளி நில்’ என்ற சட்டம் எவனுக்கு நினைவிருக்கும்? தோளில் கை போட்டால்தானே நட்பு!

2020 மே மாதம் தென்கொரியாவின் சியோல் நகரில் இதுதான் நடந்தது. நோய் அடங்கிவிட்டது என்று கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். இத்தேவோன் என்ற வட்டாரத்தின் இரவு விடுதிகளிலிருந்து நோய் மறுபடியும் கிளம்பியது. இருநூறு பேருக்கு மேல் தொற்றியது. நகராட்சி உடனே விடுதிகளையும் மதுக்கூடங்களையும் மூடச் சொன்னது.

ஆக, மூடியதில் நியாயம் இருந்தது. மூடிய விதமும், மூடிய பிறகு சனங்கள் நடந்துகொண்ட விதமும்தான் நாம் பார்க்க வேண்டியவை.

சீமையில் நடந்த கூத்து

அயர்லாந்து நாட்டில் மதுக்கூடம் என்றால் நமக்குக் கோயில் திண்ணை மாதிரி. கல்யாணப் பேச்சும் அங்கேதான், கருமாதிப் பேச்சும் அங்கேதான். 2020 மார்ச் மாதம் நோய் பரவிக்கொண்டிருந்தபோதும், டப்ளின் நகரில் கூட்டம் கூட்டமாகக் கூடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்த மற்ற சனங்களுக்கு ஆத்திரம். “ஆஸ்பத்திரியில தாதிகள் உசிரைக் குடுத்து உழைக்கிறாங்க, இவங்களுக்குப் பாட்டு கேக்குதா?” என்ற பேச்சு எழுந்தது. மார்ச் 15-ஆம் தேதி அரசாங்கம் மதுக்கூடங்களை மூடும்படி கேட்டுக்கொண்டது.

அங்கே கோடையில் ஒரு வேடிக்கையான சட்டம் வந்தது. சாப்பாடு போடும் மதுக்கூடம் மட்டும் திறக்கலாம். வருகிறவர் குறைந்தது 9 யூரோவுக்குச் சாப்பாடு வாங்கியாக வேண்டும். கிராமத்தில் கிழவர்கள் வந்து உட்காரும் சின்னச் சின்னக் கடைகளில் ஏது அடுப்பு? அவர்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தார்கள். “ஒன்பது யூரோ சாப்பாட்டைக் கண்டா கிருமி ஓடிப் போயிருமா?” என்று அந்தக் கடைக்காரர்கள் கேட்டார்கள்.

இங்கிலாந்தில் 2020 மார்ச் 20-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம், பிரதமர் போரிஸ் ஜான்சன் அன்றிரவே மதுக்கூடங்களை மூடச் சொன்னார். சுதந்திர மக்களின் பழைய உரிமை ஒன்றைப் பறிக்கிறோமே என்று அவரே வருத்தப்பட்டுப் பேசினார். சனங்கள் என்ன செய்தார்கள்? நோய்க்குப் பயந்து வீட்டில் இருக்கச் சொன்ன அன்றைக்கு, ‘கடைசி கிளாஸ்’ குடிக்க ஓடியவர்களும் இருந்தார்கள்!

ஜூலை 4-ஆம் தேதி திறந்தார்கள். செப்டம்பர் 24-ஆம் தேதி முதல் இரவு பத்து மணிக்கு மூட வேண்டும் என்றார்கள். பத்து மணி அடித்ததும் எல்லாக் கடைக் கூட்டமும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்து நெருக்கியடித்து நின்றது. கடைக்குள் பிரிந்து உட்கார்ந்திருந்தவர்கள், தெருவில் ஒன்றாகச் சேர்ந்தார்கள். சட்டம் போடுகிறவர் மேசையிலிருந்து போட்டால் இப்படித்தான் ஆகும். தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

தென்னாப்பிரிக்கா: நாலு முறை மூடிய நாடு

இங்கிலாந்துக்காரன் கடையைத்தான் மூடினான். வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போய்க் குடிக்கலாம் என்று விட்டுவிட்டான். தென்னாப்பிரிக்கா அப்படியில்லை. 2020 மார்ச் 27-ஆம் தேதி முதல் மது விற்பனையையே நாடு முழுக்க நிறுத்தியது. கடையிலும் கிடையாது, வீட்டுக்கும் கிடையாது. ஜூன் 1-ஆம் தேதி தளர்த்தி, ஜூலை 12-ஆம் தேதி மறுபடி மூடி, ஆகஸ்டில் திறந்து, டிசம்பர் 28-ஆம் தேதி மூன்றாவது முறையும், 2021 ஜூன் கடைசியில் நாலாவது முறையும் தடை போட்டார்கள்.

அரசாங்கம் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. “குடித்துவிட்டு அடிதடி, கத்திக்குத்து, கார் விபத்து என்று வருகிறவர்களால் ஆஸ்பத்திரிக் கட்டில் நிறைந்துவிடுகிறது. அந்தக் கட்டில் நோயாளிக்கு வேண்டும்” என்றது. தடை இருந்த நாட்களில் ஆஸ்பத்திரிகளில் காயத்தோடு வருகிறவர்களின் கூட்டம் குறைந்ததை மருத்துவர்கள் கண்ணாரப் பார்த்தார்கள். நம் மாமரத்தடி அக்கா சொன்ன நிம்மதி இதுதான்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. கடைகள் உடைக்கப்பட்டுச் சரக்கு களவு போனது. அன்னாசிப் பழத்தையும் சர்க்கரையையும் ஊறவைத்து வீட்டிலேயே காய்ச்ச ஆரம்பித்தார்கள். அன்னாசிக்குக் கிராக்கி வந்துவிட்டது. ஜூலை 22-ஆம் தேதி சாப்பாட்டுக்கடைக்காரர்களும் பரிமாறும் தொழிலாளர்களும் காலி நாற்காலிகளைத் தூக்கி வந்து நடுத்தெருவில் போட்டார்கள். ‘எங்கள் கடை காலி, எங்கள் வயிறும் காலி’ என்பதைச் சொல்லாமல் சொன்ன போராட்டம் அது. கிளாஸ் கழுவிய மகனுக்காகப் பெரியம்மா அழுத அழுகைக்கும் அந்த நாற்காலிகளுக்கும் என்ன வித்தியாசம்?

தாய்த்தமிழகத்தில் ஒரு நாள் திருவிழா

தமிழ்நாட்டில் மதுக்கடை நடத்துவது அரசாங்கமே. டாஸ்மாக் என்று பேர். 2020 மார்ச் 24-ஆம் தேதி மாலையோடு எல்லாக் கடையும் மூடப்பட்டது. நாற்பது நாளுக்கு மேல் தமிழ்நாடு குடியில்லாமல் இருந்தது. அப்படி ஒரு காலம் வரும் என்று எந்தப் பெண்ணும் கனவில்கூட நினைத்திருக்க மாட்டாள்.

மே 7-ஆம் தேதி, சென்னை நீங்கலாகக் கடைகளைத் திறந்தார்கள். வயதுக்கு ஏற்ற நேரம் வகுத்தார்கள்: ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் காலை, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மதியம், இளவட்டங்களுக்குச் சாயங்காலம். மூங்கில் தடுப்பு, வட்டக் கோடு, போலீஸ் காவல், எல்லாம் தேர்த் திருவிழா மாதிரி. வரிசை மைல் கணக்கில் நீண்டது. ஒரே நாளில் நூற்றைம்பது கோடி ரூபாய்க்கு மேல் விற்றது.

வேலையில்லை, கூலியில்லை என்று சனங்கள் தவித்த மாதத்தில் அந்தக் கோடிகள் எங்கிருந்து வந்தன? சில வீடுகளில் பெண்டாட்டி முடிந்து வைத்த காசிலிருந்தும் வந்திருக்கும் என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

பல ஊர்களில் பெண்கள் கடை வாசலில் மறியல் செய்தார்கள். எதிர்க்கட்சிகள் கறுப்புச் சின்னம் அணிந்தன. மறுநாளே, மே 8-ஆம் தேதி, இடைவெளி விதிகள் காற்றில் பறந்துவிட்டன என்று சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. அரசாங்கம் டில்லிக்கு ஓடியது. மே 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 16-ஆம் தேதி கடை மறுபடி திறந்தது.

அரசாங்கம் ஏன் அப்படி ஓடியது? மது வருமானம் இல்லாவிட்டால் கஜானா காலி. குடிகாரனுக்கு மட்டுமா கை நடுங்கியது? அரசாங்கத்துக்கும்தான் நடுங்கியது!

மூன்றாவது குரல்

இனி அந்த அண்ணன் சொன்ன நடுக்கத்துக்கு வருவோம். இதை எல்லாரும் கவனமாகப் படியுங்கள்.

கேரளத்தில் 2020 மார்ச் கடைசியில் மது விற்பனை அடியோடு நின்றது. சில நாட்களுக்குள், குடி கிடைக்காத தவிப்பில் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். அரசாங்கம் பதறிப்போய், மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கு மது கொடுக்கலாம் என்று உத்தரவு போட்டது. மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். “மது என்ன மருந்தா, நாங்கள் சீட்டு எழுத? இதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது” என்று கறுப்புச் சின்னம் குத்திக்கொண்டார்கள். ஏப்ரல் 2-ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது.

மருத்துவர்கள் சொன்னது சரி. பல வருஷம் தினமும் நிறையக் குடித்த உடம்பில் திடீரென்று குடியை நிறுத்தினால், ஒரு நாளுக்குள் நடுக்கம், வேர்வை, வாந்தி, தூக்கமின்மை வரும். சிலருக்கு இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காதில் கேட்கும். உயிரே போகவும் கூடும். இது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு மருந்து இருக்கிறது.

இன்னொரு கூட்டம் கண்டதைக் குடித்தது. 2020 ஜூலை கடைசியில் ஆந்திராவின் குறிச்சேடு என்ற ஊரில் கடை மூடிக் கிடந்ததால், கை துடைக்கும் கிருமிநாசினியைக் குடித்து பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். ஈரானில், மது குடித்தால் கிருமி சாகும் என்ற புரளியை நம்பி, கள்ளச் சாராயம் குடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அதில் கலந்திருந்தது மெத்தனால். குடிக்கிற மதுவும் மெத்தனாலும் பார்வைக்கு ஒன்றுதான். வாசனையிலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் மெத்தனால் முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரைப் பறிக்கும்.

“அது எங்கேயோ நடந்தது” என்று சொல்லிவிடாதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மலிவு விலைப் போலி மதுவைக் குடித்துப் பலர் செத்தது நம் நாட்டில்தான். சம்சு குடித்துக் கண்ணை இழந்த கதை நம் லயங்களுக்குப் புதிதா என்ன?

நம் நாடும் பக்கத்து நாடும்

சிங்கப்பூரில் 2020 மார்ச் 26-ஆம் தேதி நள்ளிரவோடு மதுக்கூடங்களையும் இரவு விடுதிகளையும் மூடினார்கள். மே மாதம் ஆற்றங்கரையில் சில வெளிநாட்டு உத்தியோகஸ்தர்கள் மது வாங்கிக்கொண்டு கூடிக் குடித்த படம் வெளியே வந்தது. “தொழிலாளி விடுதிக்குள்ள அடைஞ்சு கெடக்கிறான், இவங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?” என்று சனங்கள் கொதித்தார்கள். வழக்கு நடந்தது, அபராதம் விழுந்தது, சிலருடைய வேலை அனுமதியும் பறிபோனது.

2021 ஜூலையில் சாப்பாட்டுக் கடை என்ற பேரில் நடந்த சில கரவோக்கே விடுதிகளிலிருந்து நோய் பரவியது. அதோடு எல்லாச் சாப்பாட்டுக் கடைகளிலும் உட்கார்ந்து சாப்பிடுவது மறுபடி நிறுத்தப்பட்டது. சிலர் பண்ணிய தப்புக்கு, ரொட்டி போட்டுப் பிழைக்கிறவரும் அடி வாங்கினார். அங்கே இரவு விடுதிகள் முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 19-ஆம் தேதி.

நம் மலேசியாவில் இரவு விடுதிகளுக்கு 2022 மே 15-ஆம் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. கூட்டிப் பாருங்கள், இரண்டு வருஷத்துக்கு மேல். செம்பனைத் தோட்டங்களில் நிபந்தனைகளோடு குலை வெட்டு நடந்தது. விடுதியில் பாட்டுப் பாடியவர், கிளாஸ் கழுவியவர், வாசலில் காவல் நின்றவர் ஆகியோருக்கு அந்த வழியும் இல்லை. குடியை வெறுக்கலாம், குடிக்கடையில் கூலிக்கு நின்ற பிள்ளையை வெறுக்க முடியுமா? அவனும் தொழிலாளிதான்.

நாமே பூட்டிய காலம்

இத்தனையும் மேலிருந்து வந்த உத்தரவு. ஆனால் நம் தோட்டத்துச் சரித்திரத்தில் வேறு ஒரு பூட்டு இருக்கிறது. அதை இளைய பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் போன்றோர் முன்னின்றார்கள். கூலி உயர வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவு ஒழிய வேண்டும் என்ற கோரிக்கைகளோடு, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. நன்றாகக் கவனியுங்கள். தொழிலாளியே சொன்னான், “கடையை மூடு” என்று! நாதன் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. உயிர்கள் போயின.

போர் முடிந்த பிறகு, கெடா மாநிலத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. ஹார்வர்ட் தோட்டத்தில் தொடங்கிப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவியது. கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். பீடோங்கில் போலீசாரோடு மோதல் வந்தது. அங்கும் உயிர் பலியானது.

எதற்காக அந்தப் பாடு? சம்பள நாளில் ஒரு கையால் கூலியைக் கொடுத்து, இன்னொரு கையால் கள்ளுக்கடையில் வாங்கிக்கொள்ளும் சூத்திரத்தை அவர்கள் புரிந்துகொண்டார்கள். குடித்த கூலி கூட்டம் போடாது, கேள்வி கேட்காது. அது தோட்ட நிர்வாகத்துக்கு வசதி.

இன்றைக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆனால் கடை இல்லாமல் போனதும் குடி போய்விட்டதா? அது டின்னில் அடைத்து, மோட்டார் சைக்கிள் கூடையில் ஏறி, லயத்து வாசலுக்கே வந்துவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு நாளைக்குப் பத்து வெள்ளி என்று வையுங்கள். மாதத்தில் 26 வேலை நாள். 260 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று வந்திருக்கிறது. அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தொண்டைக்குள் போகிறது. வருஷத்துக்கு 3,120 வெள்ளி. அந்தக் காசில் பிள்ளைக்கு எத்தனை வருஷப் பள்ளிச் சட்டை, காலணி, புத்தகம் வாங்கலாம் என்று உங்கள் மகளிடமே கணக்குப் போடச் சொல்லுங்கள். அவள் சரியாகப் போடுவாள்.

கோறனி காலத்தில் பல குடும்பங்கள் இந்தக் கணக்கைத் தாளில் போடாமல் வாழ்க்கையில் போட்டுப் பார்த்தன. கடை திறந்ததும் பல வீடுகளில் கணக்கு பழையபடி தப்பாகிப் போனது. மேலிடத்து உத்தரவால் மூடியது, மேலிடத்து உத்தரவால் திறந்தது. அதில் நம் கை எங்கே இருந்தது?

ஆகவே உறவுகளே, மூன்று வார்த்தை சொல்லி முடிக்கிறேன்.

குடியை விட நினைக்கும் அண்ணன் தம்பிகளே, அது நல்ல நினைப்பு. ஆனால் தினமும் நிறையக் குடித்துப் பழகியவர்கள் வீம்புக்கு ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் மருத்துவரிடம் வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். நடுக்கம் ஒரு வியாதி, அவமானம் இல்லை.

அக்கா தங்கைமாரே, அவர் நடுங்கி உட்கார்ந்திருக்கும் நாளில் பழைய கணக்கைத் தீர்க்காதீர்கள். திட்டுவதற்கு வருஷம் முழுக்க நாள் இருக்கிறது. அன்றைக்கு மட்டும் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அடி விழுந்தால் மட்டும் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், போலீசில் சொல்லுங்கள்.

சங்கத்துக்காரர்களே, கோயில் கமிட்டியாரே, திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறோம். குடியை விட்டவர் ஒருவர் தோட்டத்தில் இருந்தால், அவரை நாலு பேர் முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். ஆயிரம் மேடைப் பேச்சு செய்யாததை அவர் பேச்சு செய்யும்.

மாமரத்தடியில் அன்றைக்குக் கடைசியாகப் பேசியவர், அதுவரை வாயே திறக்காத ஒரு தாத்தா. எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே சொன்னார்: “கோறனி போட்ட பூட்டு, கோறனி போனதும் தொறந்துக்கிச்சு. நாம போட்ட பூட்டா இருந்தா, சாவி நம்ம இடுப்புலதானே இருக்கும்!”

அந்த அண்ணன் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “நாளைக்குக் கிளினிக் எத்தனை மணிக்கு தொறப்பான்?” என்று கேட்டார். காலையில் நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.